ஹெலிகோனியா: வாழையை அறிந்தவருக்குக் கைவரும் அழகுச்செடி

வாழை போன்ற இலை; சிவப்பும் மஞ்சளுமாக, நண்டுக் கொடுக்குகளைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டது போன்ற பூங்கொத்து. சிங்கப்பூர், மலேசியப் பூங்காக்களிலும் ஹோட்டல் வாசல்களிலும் சாலையோரங்களிலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் சுற்றுப்புறத்திலும் ஹெலிகோனியாவைப் பார்க்காதவர் குறைவு. அதன் பெயர் தெரிந்தவரும் குறைவு.

மலாய் மொழியில் இதை ‘செப்பிட் ஊடாங்’, அதாவது இறால் கொடுக்கு, என்று அழைப்பதுண்டு. ஆங்கிலத்திலும் சிங்கிறாலின் கொடுக்கு என்ற பொருளிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் தனிப்பெயர் நிலைபெறவில்லை. நர்சரிகளில் ஹெலிகோனியா என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

இந்த வட்டாரத்தின் வெயிலும் மழையும் இச்செடிக்கு அப்படியே பொருந்துகின்றன. இருந்தும், ஆசையாக நட்டவர்களே இரண்டு மூன்று ஆண்டுகளில் “புதர் மண்டிவிட்டது”, “கொசு வருகிறது” என்று அதை வேரோடு தோண்டி எறிவதும் நடக்கிறது. இடத்துக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுக்காததும், வாழைத் தூரைக் கவனிப்பதுபோல் அதைக் கவனிக்காததுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். வீட்டுக்கொல்லையில் வாழை வைத்துப் பழகியவர்களுக்கு ஹெலிகோனியாவின் போக்கு பாதி முன்பே தெரிந்ததுதான்.

வாழைக்கு உறவு, இஞ்சிக்கும் உறவு

ஹெலிகோனியா ஒருகாலத்தில் வாழைக் குடும்பத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. இப்போது தாவரவியலாளர்கள் அதற்குத் தனிக் குடும்பம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் இருப்பது இந்த ஒரே பேரினம்தான். அதில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. வாழை, இஞ்சி, மஞ்சள், கல்வாழை, கூவைக்கிழங்கு ஆகிய எல்லாம் இதற்கு நெருங்கிய சொந்தங்கள்.

இந்தச் சொந்தம் செடியின் தோற்றத்திலேயே தெரியும். சில ஹெலிகோனியாக்கள் வாழைபோல் நீண்ட காம்புடன் இலையை உயர்த்தி நிற்கும். சில, இஞ்சிபோல் தண்டின் இருபுறமும் இலைகளை விரிக்கும். இன்னும் சில கல்வாழையை ஒத்திருக்கும். பூ இல்லாத நேரத்தில் வாழையிலிருந்து இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வாழையில் இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி வரும். ஹெலிகோனியாவில் எதிரெதிராக இரண்டே வரிசைகளில் அமையும்.

‘சொர்க்கப் பறவை’ என்ற பெயரில் பூக்கடைகளில் விற்கப்படும் ஸ்டிரெலிட்சியா வேறு செடி. அது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. லக்சாவிலும் ரொஜாக்கிலும் சேர்க்கப்படும் ‘பூங்கா காந்தான்’ மொட்டும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு செடியினுடையது. அது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது, சமையலுக்கு உரியது. ஹெலிகோனியாவை இங்கு வளர்ப்பது அழகுக்காக மட்டுமே.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து

ஹெலிகோனியா இனங்களில் மிகப் பெரும்பாலானவை மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவற்றின் ஈரக்காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. சில இனங்கள் மட்டும் பசிபிக் தீவுகளில் இயற்கையாக வளர்கின்றன. அவற்றின் மேற்கு எல்லை இந்தோனீசியாவின் மலுக்கு தீவுகள் வரை நீள்கிறது. ஆகவே சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் காணப்படும் ஹெலிகோனியாக்கள் யாவும் மனிதர்கள் கொண்டுவந்து நட்டவை.

சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1771ல் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்கப் புராணத்தில் கலைத் தெய்வங்கள் குடியிருக்கும் மலையின் பெயர் ஹெலிகோன். தொங்கும் வகைகளில் மிகப் புகழ்பெற்ற ரொஸ்ட்ராட்டா, பொலிவியாவின் தேசிய மலர்களில் ஒன்று. அதன் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அந்நாட்டுக் கொடியின் நிறங்களேதான்.

நிறம் மடலுக்கு, தேன் பூவுக்கு

பூ என்று நாம் பார்க்கும் நிறமான பகுதி உண்மையில் பூவன்று. வாழைப்பூவை உரிக்கும்போது கழன்று வரும் செம்மடலைப் போன்றதுதான் அது. அந்த மடலுக்குள்ளேதான் உண்மையான சிறு பூக்கள் வரிசையாக ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சிறு பூவும் ஒரே நாள்தான் விரிந்திருக்கும். ஆனால் மடல்களின் நிறம் வாரக்கணக்கில் மங்காமல் நிற்கும். தோட்ட அலங்காரத்துக்கு ஹெலிகோனியா விரும்பப்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

தாயகத்தில் இந்தப் பூக்களின் தேனைக் குடித்து மகரந்தத்தைக் கடத்துபவை ரீங்காரச் சிட்டுகள். கரீபியத் தீவுகளான செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகியவற்றில் செங்கருநீலத் தொண்டை கொண்ட ஒரு ரீங்காரச் சிட்டினம் உண்டு. அதில் ஆணின் அலகு குட்டையானது. பெண்ணின் அலகு நீண்டு வளைந்தது. ஆண் ஒருவகை ஹெலிகோனியாவிலும் பெண் வேறொருவகை ஹெலிகோனியாவிலும் பெரிதும் தேன் குடிக்கின்றன. அந்தந்தப் பூவின் நீளமும் வளைவும் அந்தந்த அலகுக்குப் பொருந்தி அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பசிபிக் தீவுகளில் ரீங்காரச் சிட்டுகள் இல்லை. அங்குள்ள சில ஹெலிகோனியாக்களுக்கு வௌவால்கள் உதவுகின்றன. அமெரிக்க இனங்களின் பழம் நீல நிறத்திலும் பசிபிக் இனங்களின் பழம் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹெலிகோனியாவைத் தேடி வருபவை தேன்சிட்டுகள். வீட்டருகே ஒரு தூர் நன்றாகப் பூத்துவிட்டால், காலை வேளைகளில் அவற்றின் கீச்சொலியைக் கேட்கலாம்.

எந்த இடத்துக்கு எந்த வகை?

ஹெலிகோனியாவில் முழங்கால் உயரச் செடியும் உண்டு. ஓட்டு வீட்டுக் கூரையைத் தொடும் செடியும் உண்டு. வாங்கும்போது இரண்டுமே ஒரே அளவுப் பையில், ஒரே அளவுக் கன்றாக நிற்கலாம். பூவின் படத்தைப் பார்த்து வாங்காமல், முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், தூர் எவ்வளவு தூரம் பரவும் என்று விசாரித்து வாங்குவதே முறை.

சிட்டாகோரம்: ‘கிளிகளுடைய’ என்ற பொருள் தரும் பெயர். பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் அடங்கும். நல்ல வெயில் வேண்டும். ஆண்டு முழுவதும் பூக்கும். நடைபாதை ஓரம், வேலியோரம், பெரிய தொட்டி ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால் கிழங்கு பக்கவாட்டில் விரைந்து ஓடும்; தடுப்பு இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திக்குள் நுழைந்துவிடும்.

கோல்டன் டார்ச்: சிட்டாகோரமும் மற்றோர் இனமும் கலந்த கலப்பினம். பொன்மஞ்சள் மடல்கள் நிமிர்ந்து நிற்கும். முதன்முறை வளர்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ரொஸ்ட்ராட்டா: சிவப்பு மடல்கள் சரமாகத் தொங்கும். 2 முதல் 3 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். தரை வீட்டின் மதில் ஓரத்துக்கும் சமூகத் தோட்டத்தின் மூலைக்கும் பொருத்தமானது.

சார்ட்டேசியா: ‘செக்சி பிங்க்’ என்ற பெயரில் விற்கப்படும் இளஞ்சிவப்புத் தொங்கு வகை. 3 மீட்டருக்கு மேல் உயரும். பெரிய இலை காற்றில் கிழியும் என்பதால் காற்று மறைப்பும் ஓரளவு நிழலும் உள்ள, விசாலமான இடம் தேவை.

பிஹாய், கரிபியா: தடித்த மடல்கள் நிமிர்ந்து அடுக்கடுக்காக நிற்கும் பெரிய வகைகள். பூங்காக்களுக்கும் பரந்த நிலங்களுக்கும் உரியவை. மழைநீர் தேங்குவது இவற்றில்தான் அதிகம்.

ஸ்டிரிக்டாவின் குட்டை வகைகள்: ‘டுவார்ஃப் ஜமைக்கன்’ போன்றவை ஒரு மீட்டருக்குள் நிற்கும். பகுதி நிழலைத் தாங்கும். தொட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு நல்ல தேர்வு.

இண்டிகா: பசிபிக் வகை. பூவுக்காக அன்றி, செம்மை படர்ந்த அல்லது மஞ்சள் கோடுகள் ஓடும் இலைக்காகவே வளர்க்கப்படுகிறது.

வீவக வீடுகளில் பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள், தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் அகல வழியைத் தடையின்றி விட வேண்டும். ஹெலிகோனியாவின் இலை பக்கவாட்டில் விரியும் என்பதால் தொட்டியின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. தாழ்வாரத்தில் வெயில் விழாவிட்டால் செடி இலையோடு நின்றுவிடும், பூக்காது.

நடும் முறை

விதையிலிருந்து வளர்ப்பது நீண்ட காத்திருப்பு. முளைக்கவே மாதங்கள் ஆகலாம். சில விதைகள் ஆண்டுக்கணக்கிலும் உறங்கும். எனவே எல்லாரும் கையாள்வது கிழங்கைப் பிரித்து நடும் முறையைத்தான். வாழைக்கன்றைத் தாய்த்தூரிலிருந்து பிரிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆரோக்கியமான தூரிலிருந்து, ஒன்றிரண்டு முளைக்கண்கள் உள்ள கிழங்குத் துண்டைத் தண்டோடு வெட்டி எடுக்க வேண்டும். தண்டை 15 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு நறுக்கிவிடலாம். மண்ணைக் கழுவி, அழுகிய வேர்களை நீக்கி, பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் சிறிது நேரம் நனைத்து எடுப்பது நல்லது. பிறகு கிழங்கு ஏறக்குறைய 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி நட்டு, தண்டு ஆடாமல் குச்சி வைத்துக் கட்ட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் கிழங்கு அழுகும். புதுக்குருத்து எட்டிப் பார்க்க நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகிவிடக் கூடாது.

மண்ணில் மக்கிய உரம் நிறைந்திருக்க வேண்டும். நீர் வடிய வேண்டும். அதே வேளையில் ஈரமும் தங்க வேண்டும். கட்டுமானம் முடிந்த நிலங்களில் உள்ள இறுகிய களிமண்ணில் தென்னைநார்த் தூளும் மக்கிய இலையும் கலந்து, பாத்தியைச் சற்று மேடாக்கி நடலாம். சிறு வகைகளுக்கு 30 முதல் 60 செ.மீ. இடைவெளியும் பெரிய வகைகளுக்கு ஒரு மீட்டருக்கு மேலும் தேவை. நட்ட அன்று பாத்தி வெறிச்சோடித் தெரியும். அதற்காக நெருக்கி நட்டால் ஓராண்டுக்குள் செடிகள் ஒன்றையொன்று அமுக்கிவிடும்.

ஓடும் வகைகளை நடும்போதே பாத்தியைச் சுற்றி 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தகடோ சிமெண்ட் தடுப்போ பதித்துவிடுவது பின்னாளில் பெரும் வேலையை மிச்சப்படுத்தும்.

நீரும் உரமும்

ஹெலிகோனியா பசியுள்ள செடி. வாழையைப்போலவே இதற்கும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய வேண்டும். மெதுவாகக் கரையும் உரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இட்டு, மேலே மக்கிய இலைகளால் மூடாக்கு போட்டால் மண்ணின் ஈரமும் காக்கப்படும், களையும் குறையும்.

இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். சற்றுப் புளிப்பான மண்ணே இச்செடிக்கு உகந்தது. சிமெண்ட், சுண்ணாம்புக் கலவை கொட்டிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அங்கே உரத்தைக் கூட்டுவதைவிட மண்ணை மாற்றுவதே பலன் தரும்.

வாரக்கணக்கில் மழையில்லாத நாள்களில் தொட்டிச் செடிகளுக்கு அன்றாடம் நீர் வேண்டும். இலையின் ஓரம் சுருண்டு காய்ந்தால் அது தாகத்தின் அடையாளம்.

பூத்த தண்டு மறுபடி பூக்காது

ஒருமுறை குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளாது. ஹெலிகோனியாவும் அப்படியே. ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும். பூ முடிந்த தண்டைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். அதை அப்படியே விட்டால் தூருக்குள் வெளிச்சமும் காற்றும் புகாது. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் நத்தையும் அங்கே குடியேறும். பக்கக்கன்றுகள் வெயிலைத் தேடி வெளிப்பக்கமாகவே ஓடும். நடுவில் காய்ந்த தண்டுகளும் சுற்றிலும் பரவும் கன்றுகளுமாகத் தூர் குலைந்துபோவது இதனால்தான்.

மாதம் ஒருமுறை பூத்த தண்டுகளை வெட்டுவதும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து, பாதியை வேறிடத்தில் நடுவதும் நல்ல பழக்கம். வெட்டிய தண்டையும் இலையையும் நறுக்கி, நோயில்லாதவையாக இருந்தால் அதே பாத்தியில் மூடாக்காகப் போடலாம்.

கொசுவுக்கு இடம் கொடுக்காமல்

நிமிர்ந்து நிற்கும் மடல்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கிண்ணம். காட்டில் அந்த நீரில் பலவகைப் பூச்சிகளின் புழுக்கள் வாழ்கின்றன. குடியிருப்புப் பகுதியில் அதே நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடமாகிவிடலாம். இலைக்காம்பு தண்டைத் தழுவும் இடுக்கிலும் நீர் தேங்கும். டெங்கி அபாயம் ஆண்டு முழுவதும் இருக்கும் இந்த வட்டாரத்தில் இதை ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலுமே வீட்டு வளாகத்தில் கொசுப்புழுக்கள் கண்டறியப்பட்டால் சட்டப்படி தண்டனை உண்டு.

முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறையாவது மடல்களைச் சாய்த்து நீரைக் கொட்ட வேண்டும்; அல்லது குழாய் நீரைப் பீய்ச்சி இடுக்குகளை அலச வேண்டும். தேங்கிய நீரை அகற்ற முடியாத இடத்தில் ‘பிடிஐ’ எனப்படும், கொசுப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்தை அறிவுறுத்தலின்படி பயன்படுத்தலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

இதைவிட எளிய வழி, தேர்விலேயே இருக்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் புழங்கும் இடத்தருகே நிமிர்ந்த பெருமடல் வகைகளைத் தவிர்த்து, ரொஸ்ட்ராட்டா போன்ற தொங்கும் வகைகளை நட்டால் மடலில் நீர் தேங்குவது வெகுவாகக் குறையும்.

எல்லை தாண்டக் கூடாத கிழங்கு

வெளிநாடு சென்று திரும்பும்போது அழகான செடியின் கிழங்கைப் பையில் வைத்துக்கொண்டு வரும் ஆசை தோட்டப்பிரியர்கள் பலருக்கு உண்டு. ஹெலிகோனியாவில் அந்த ஆசைக்கு விலை அதிகம்.

வாழையைத் தாக்கும் ‘மோக்கோ’ வாடல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஹெலிகோனியாவிலும் வாழும். வாழை வேரைத் துளைக்கும் நூற்புழுவும் இதன் வேரில் தங்கும். மண் ஒட்டிய ஒரு கிழங்குத் துண்டு போதும், நோய் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போய்ச் சேர. வெளியே பார்க்கச் செடி நலமாகவே தோன்றலாம்.

இந்த வட்டாரத்துக்கு மற்றுமொரு பழைய அச்சமும் இருக்கிறது. ஹெலிகோனியாவின் தாயகமான அமெரிக்க வெப்பமண்டலமே ரப்பர் மரத்தின் தாயகமும் ஆகும். அங்கே ரப்பர் இலைகளைக் கருக்கும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இருக்கிறது. பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928ல் தொடங்கிய மாபெரும் ரப்பர்த் தோட்டத் திட்டம் தோற்றதற்கு அந்நோய் ஒரு முக்கியக் காரணம். மலாயாவில் தமிழர்கள் பால்மரம் சீவிய தோட்டங்கள் தழைத்ததற்கு அந்நோய் இங்கு வராததும் ஒரு காரணம். அது நுழைந்துவிடாமல் இருக்க, அந்தப் பகுதியிலிருந்து வரும் தாவரங்களுக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் தனிக்கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன.

செடியையோ கிழங்கையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. உள்ளூர் நர்சரிகளிலேயே நல்ல வகைகள் கிடைக்கும்போது அந்த அபாயத்துக்கு அவசியமே இல்லை. புதிதாக வாங்கிய செடியைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனிப்பதும், ஒரு தூரை வெட்டிய கத்தியைச் சுத்தப்படுத்திய பிறகே அடுத்த தூரிலும் வாழையிலும் கை வைப்பதும் வீட்டளவில் செய்யக்கூடிய காப்பு.

மேடைக்கும் மேசைக்கும்

ஹெலிகோனியா நல்ல வெட்டுப்பூவும்கூட. காலை வேளையில், மடல்கள் தேவையான அளவு விரிந்த பிறகு வெட்ட வேண்டும். ரோஜா மொட்டைப்போல் இது சாடியில் மேலும் விரியாது. வெட்டிய நிலையிலேயே நிற்கும். சிட்டாகோரம் வகைகள் சாடியில் பத்து நாள்களுக்கு மேலும் தாங்கக்கூடியவை. வெப்பமண்டலப் பூ என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். வீட்டின் சாதாரண வெப்பநிலையே போதும். சாடி நீரை அடிக்கடி மாற்றினால் பூவும் நிற்கும், கொசுவும் அண்டாது. திருமண மண்டபத்திலோ சமூக மன்ற நிகழ்ச்சியிலோ நான்கைந்து தண்டுகள் மட்டுமே ஒரு மேடையின் மூலையை நிறைத்துவிடும்.

பார்த்துவிட்டு நடலாம்

எந்த வகையை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் முழுதாக வளர்ந்த செடியை நேரில் பார்ப்பது நல்லது. 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான சிங்கப்பூர்ப் பூமலையில், இஞ்சித் தோட்டம் இஞ்சியின் உறவுச் செடிகளை ஒரே இடத்தில் காட்டுகிறது. கோலாலம்பூரில் 1888ல் உருவான, முன்பு ஏரிப் பூங்கா என்று அறியப்பட்ட பெர்டானா தாவரவியல் பூங்காவில் ஹெலிகோனியாவுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் இன்று 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. ஹெலிகோனியாவைப் பரப்ப அவற்றைவிட நல்ல இடமில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்தே ஆக வேண்டிய செடி என்பதால், ஒவ்வொரு தோட்டத்திலும் கொடுப்பதற்குக் கன்றுகள் மிஞ்சும். பெறுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எவ்வளவு உயரம் வளரும்? கிழங்கு ஓடுமா, அடங்கி நிற்குமா? பூ நிமிர்ந்ததா, தொங்குவதா? கன்றைக் கொடுப்பவர் இம்மூன்றுக்கும் பதில் எழுதி, கன்றோடு ஒரு சீட்டாகக் கட்டிக் கொடுத்தால் அந்தச் செடி புதிய இடத்தில் நீடித்து நிற்கும்.